பத்திரகனி தோட்டத்துக் கக்கூஸ்

வடக்கே உப்பளமும் தெற்கே அனல் மின் நிலையத்தின் சாம்பல் மேடும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட உப்போடை காலனியில் அறுபத்துமூன்று வீடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒரு போர்க்கிணறு இருந்தது. எந்தப் போர்த் தண்ணீரிலும் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, அதில் குளித்த எந்த ஆணின் தலையிலும் நாற்பது வயதுக்கு மேல் முடி நின்றதாகச் சரித்திரம் இல்லை. குடிதண்ணீர் வாரம் ஒருமுறை லாரியில் வரும், வராத வாரத்தில் வராது. செடி வளர்க்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு முறை நட்டுப் பார்த்து, இரண்டு முறையும் கருகிய குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் ரோஜா வாங்கி ஜன்னலில் வைத்தார்கள். ஆறு மாதத்தில் அதுவும் வெளுத்துச் செத்தது.

அங்கேதான் பத்திரகனி தோட்டம் போட்டாள்.

பத்திரகனி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், நாற்பத்தொன்பது வயது, கையில் எது கிடைத்தாலும் அதை இன்னொன்றாக ஆக்காமல் தூங்க மாட்டாள். அவள் புருஷன் அருமைநாயகம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெல்டிங் தெரியும், முழங்கால் வலி உண்டு, பேச்சு குறைவு. அவர்கள் வீடு கடைசி வீடு. அதையடுத்துக் கிடந்த புறம்போக்கில் காலனிக்காரர்கள் இடிந்த செங்கலையும் பழைய மெத்தையையும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து, மண் உப்பாக இருந்தால் மண்ணில் நடுவானேன் என்று முடிவெடுத்து, பைபாஸ் ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த காஜா பாயிடம் போனாள். துருப்பிடித்த பீரோவை வாங்கி மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைக் கழற்றி, குளத்து வண்டலை நிரப்பிக் கீரை விதைத்தாள். மூச்சு நின்றுபோன பிரிட்ஜில் கொத்தமல்லி, வாஷிங் மெஷின் டிரம்மில் மிளகாய், அடி ஓட்டையான குக்கர்களில் புதினா. யாரோ செத்ததால் விலைக்கு வந்த இரும்புக் கட்டிலுக்கு அருமைநாயகம் நான்கு குழாய்க் கால்களை வைத்து ஆளுயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்த, அதில் புடலங்காய் தொங்கியது. அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் நடைபாதை ஆயின. சுற்றுச்சுவருக்குப் பதினொரு வீட்டுக் கதவுகள் வரிசையாக நின்றன. ஒன்றில் 'நாய் ஜாக்கிரதை' என்றும் ஒன்றில் 'டாக்டர் உள்ளே இருக்கிறார்' என்றும் எழுதியிருந்ததை அவள் அழிக்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீருமாக எப்படியோ ஓட்டினாள்.

காலனிச் சங்கத் தலைவர் லாசர் சார் தினமும் காலையில் கைத்தடியோடு அந்த வழியாக நடப்பார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நகம் வெட்டாத குழந்தைகளை வெயிலில் நிறுத்தியே இரண்டு தலைமுறைகளை வளர்த்தவர்.

"எம்மா பத்திரகனி, இது தோட்டமா, ஏலக்கடையா?" என்பார்.

"ரெண்டும்தான் சார். கீரை வேணுமா, பீரோ வேணுமா?"

அவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார். ஆனால் அவர் மனைவி எஸ்தர் மறுநாள் கீரைக்கு ஆள் அனுப்புவாள். எஸ்தருக்குச் சிறுநீரகத்தில் கல். வருஷத்தில் பாதி நாள் கால் வீங்கிக் கட்டிலில் கிடப்பாள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது, நல்ல தண்ணீர் நாளைக்கு நாலு லிட்டர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரி வராத வாரங்களில் லாசர் சார் கேன் தண்ணீருக்காகப் பைபாஸ் வரை சைக்கிள் மிதித்தார்.

ஒருநாள் காஜா பாய் பத்திரகனியைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒன்றைக் காட்டினார். கடற்கரைச் சாலையில் இடித்த பழைய பங்களாவிலிருந்து வந்தது. வெள்ளை வெளேரென்ற வெஸ்டர்ன் கக்கூஸ், சுற்றிலும் நீலப் பூ வரைந்த பீங்கான், தலைக்கு மேலே மாட்டுகிற இரும்பு டேங்க், அதிலிருந்து தொங்குகிற சங்கிலி.

"தங்கச்சி, இத நீ எடுத்துட்டுப் போனா அந்தத் தேக்கு ஜன்னல உனக்குச் சும்மாவே தந்திருதேன். கடைக்கு வாறவன்லாம் இதப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறான், யாவாரமே நடக்க மாட்டேங்குது."

பத்திரகனி இரண்டையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, வீட்டுக்குள்ள இருக்கதே அடைச்சிக் கிடக்கு. தோட்டத்துல ஒண்ணு எதுக்கு?" என்றார் அருமைநாயகம்.

"உக்காரத்தான். பெஞ்சு வாங்க எங்க போவ?"

ஆசிட் ஊற்றித் தேய்த்து, பத்து நாள் வெயிலில் காயவைத்து, கட்டில் பலகையை வட்டமாக அறுத்து மூடி செய்து, புடலைப் பந்தலுக்குக் கீழே அதை ஆசனமாகப் போட்டாள். டேங்கைப் பந்தலின் குழாய்க்கால் ஒன்றின் உச்சியில் மாட்டினாள், அதில் டேபிள் ரோஸ் வைத்தால் பூ வழிந்து தொங்கும் என்பது திட்டம். மத்தியானம் அவள் அதில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள், மாலையில் அவர் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு வாரம் கழித்து, டேபிள் ரோஸ் நடுவதற்கு முன்னால் சங்கிலி உறுதியாக இருக்கிறதா என்று பத்திரகனி ஒரு இழு இழுத்தாள். டேங்க் தொண்டையைச் செருமியது. தண்ணீர் தடதடவென்று இறங்கி, கோப்பையைச் சுற்றி வந்து, பின்பக்கத்து வாய் வழியாக நடைபாதையில் கொட்டியது.

அந்த டேங்குக்குத் தண்ணீர் வருகிற குழாய் எதுவும் கிடையாது. அருமைநாயகம் வாஷிங் மெஷின் டிரம்மின் மேல் ஏறி உள்ளே பார்த்தார்.

"ஒரு பல்லிதான் இருக்கு," என்றார்.

பத்திரகனி ஒரு கை ஏந்திக் குடித்தாள். "ஏங்க, இனிக்கி."

"கக்கூஸ் தண்ணிய நக்கிப் பாக்கியேட்டி!"

"ஆசிட் ஊத்திக் கழுவுனது. உங்க வாயவிடச் சுத்தமாத்தான் இருக்கு."

இருவரும் அதற்கு மேல் ஆச்சரியப்படவில்லை, கீரை வாடிக்கொண்டிருந்தது. ஒரு இழுப்புக்கு ஒரு குடம். பின்வாயில் குடத்தை வைத்து, ஒருவர் இழுக்க ஒருவர் ஊற்ற, பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்க நனைந்தது. மறுநாள் மீதித் தண்ணீரில் பருப்பு வேகவைத்தாள்.

அந்தப் பருப்பின் வாசனைதான் சேதியை ஊருக்குக் கொண்டுபோனது. இருபது வருஷமாகக் கடிபடும் பருப்பையே தின்று பழகிய காலனியில், பசையாக வெந்த பருப்பின் வாசம் காற்றில் வந்ததும் ஜன்னல்கள் திறந்தன. விஷயம் தெரிந்ததும் அதே வேகத்தில் மூடிக்கொண்டன. லாசர் சார் அவசரக் கூட்டம் போட்டார். 'காலனி எல்லைக்குள் எந்தக் குடும்பமும் கழிப்பிடம் சார்ந்த தண்ணீரை அருந்தவோ, சமைக்கவோ, விருந்தினருக்கு வழங்கவோ கூடாது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் கடிபடும் பருப்பைத் தின்றார்கள்.

நான்காம் நாள் ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சொர்ணக்கிளி குடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தாள். "அக்கா, எங்க மாமியா குளிக்கத்தான். வேற எதுக்கும் இல்ல." அன்று மாலை இன்னொருத்தி வந்தாள், அவளும் மாமியாருக்காகத்தான் வந்தாள். அந்த வாரத்தில் உப்போடை காலனியின் மாமியார்கள் அத்தனை பேரும் நாளுக்கு மூன்று வேளை குளித்தார்கள், செத்துப்போன மாமியார்கள்கூடக் குளித்தார்கள். அடுத்த வாரம் எல்லா வீட்டிலும் பருப்பு வெந்தது. யாரும் அதன் பேரைச் சொல்லவில்லை. 'அங்கேயிருந்து எடுத்தது' என்றார்கள், 'கனியக்கா வீட்டு இது' என்றார்கள், டீ நன்றாக இருக்கிறதே என்று கேட்ட விருந்தாளியிடம் 'தூள் புதுசு' என்றார்கள்.

பிறகு, நமக்கும் ஒன்று கிடைக்காதா என்ற ஆசையில் ஆளாளுக்குக் காஜா பாய் கடைக்குப் போய் விசாரித்தார்கள். கடைக்குப் பின்னால் வருஷக்கணக்காக மழையில் கிடந்த கோப்பைகள் ஒரே மாதத்தில் தீர்ந்தன. பாய் மூன்று மாவட்டங்களில் ஆள் விட்டு இடிக்கிற வீடுகளைத் தேடினார். வெள்ளை, பச்சை, ரோஸ் என்று முப்பத்தெட்டு கக்கூஸ்கள் வீட்டு வாசல்களில் வரிசையாக உட்கார்ந்தன. எதிலும் ஒரு சொட்டு வரவில்லை. தூக்கிக்கொண்டுவந்த இடுப்பு வலி வீணாகக் கூடாது என்று அவற்றில் வண்டலைப் போட்டார்கள், பத்திரகனியிடம் கேட்டுக் கத்தரி வைத்தார்கள், கற்றாழை வைத்தார்கள், அவள் தோட்டத்து நல்ல தண்ணீரை ஊற்றினார்கள், எல்லாம் தழைத்துக்கொண்டு வந்தன. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே வந்து, அல்வா சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, "ஏங்க, இந்த ஊர்ல யாரும் வீட்டுக்குள்ள போறதில்லையா?" என்று கேட்டார்கள். சம்பந்தம் நடந்தது, பெண் நன்றாக இருந்தாள்.

லாசர் சார் மட்டும் அசையவில்லை. ஆனால் எஸ்தரின் கால் வீக்கம் வற்றாத ஒரு காலையில் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். படிவத்தில் 'நீரின் ஆதாரம்' என்ற இடத்தில் அவர் பேனா வெகுநேரம் நின்றது. கடைசியில் 'பாறை ஊற்று' என்று எழுதினார். பத்து நாளில் அறிக்கை வந்தது. இவ்வளவு நல்ல தண்ணீரை நாங்கள் பார்த்ததில்லை, அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

அவர் மறுபடியும் கூட்டம் போட்டார். "தண்ணீரில் குறையில்லை. தோற்றத்தில்தான் குறை. தோற்றத்தை மாற்றிவிட்டால் யாரும் வெட்கமில்லாமல் குடிக்கலாம்," என்றார். மேலே கோயில் கட்டலாமா மாதா கெபி கட்டலாமா என்று கொஞ்சம் சண்டை வந்தது. இரண்டும் வேண்டாம், சிங்கம் கட்டலாம் என்று முடிவாயிற்று. சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும், சங்கிலி காது வழியாக வெளியே வரும்.

பத்திரகனிக்கு மனசில்லை. "சார், அது என் பெஞ்சு."

"புறம்போக்கும்மா இது. நான் மேலே எழுதிப் போட்டா தோட்டமே இருக்காது. பெருந்தன்மையாக் கொடு. உன் பேரைக் கல்லுல போடுறோம்."

அவள் சம்மதித்தாள், கல்லில் தன் பேர் என்றதும் கொஞ்சம் சபலமும் இருந்தது. கொத்தனார் வந்தார், சிமெண்ட் பூசினார், பல்வலி வந்த பூனையைப் போல ஒரு சிங்கம் எழுந்தது. காய்வதற்குப் பன்னிரண்டு நாள் யாரும் கிட்டே போகக் கூடாது என்று கயிறு கட்டினார்கள். கல் வந்தபோது அதில் எட்டுப் பேர் இருந்தது, எட்டாவதாக, சின்ன எழுத்தில், 'இட உதவி: திருமதி அருமைநாயகம்'. மத்தியானங்களில் பத்திரகனி அவரைக்காய்த் தட்டோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். தன் வீட்டிலேயே தன்னை வெளியில் நிறுத்திவிட்டதைப் போல இருந்தது.

திறப்பு விழா அன்று அறுபத்துமூன்று வீட்டுக் குடங்களும் வந்தன. லாசர் சார் ரிப்பனை வெட்டினார், பேசினார், எஸ்தருக்காகக் கொண்டுவந்திருந்த புதுக் குடத்தைச் சிங்கத்தின் வாயருகே வைத்தார், சங்கிலியை இழுத்தார். சத்தமில்லை. இன்னும் பலமாக இழுத்தார். சிங்கத்தின் காது கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. லாரியும் அந்த வாரம் பார்த்து வரவில்லை. வாசல் கத்தரிகள் தலை தொங்கின, பருப்பு மறுபடி கடிபட்டது, ஒருமுறை வெந்த பருப்பைத் தின்றுவிட்ட நாக்கு அதை ஏற்க மறுத்தது, வீட்டுக்கு வீடு சண்டை. எஸ்தர் வலியில் முனகுவது தெருவுக்குக் கேட்டது. பத்திரகனி வயிற்றெரிச்சல் பட்டதால்தான் தண்ணீர் நின்றது என்று சிலர் சொன்னார்கள். அது அவள் காதுக்கும் வந்தது.

அவள் கடப்பாரையை எடுத்தாள்.

"எம்மா, சங்கத்துச் சொத்து அது!" என்று லாசர் சார் கைத்தடியோடு ஓடிவந்தார்.

"விலகுங்க சார். சிங்கம் சங்கத்தோடது, எடுத்துக்கிடுங்க. கக்கூஸ் என்னோடது."

நான்கு அடியில் சிங்கம் உதிர்ந்தது. உள்ளே வெள்ளைக் கோப்பை அப்படியே, நீலப் பூவோடு இருந்தது. பத்திரகனி சங்கிலியை இழுத்தாள். அப்போதும் தண்ணீர் இல்லை. கூட்டம் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. சிமெண்ட் கட்டிகளைத் தூக்கிப் போட்டு முழங்கால் விட்டுப்போன அருமைநாயகம், "கொஞ்சம் இருக்கேன்," என்று மூடியைத் துடைத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், வேட்டி மடிப்பிலிருந்து பேப்பரை எடுத்து விரித்தார். விளையாட்டுப் பக்கத்துக்கு அவர் வருவதற்குள் மேலே டேங்க் தொண்டையைச் செருமியது.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா," என்றார் அவர்.

பத்திரகனிக்குப் புரிந்துவிட்டது. "சும்மா நிக்க வச்சா அதுக்கும் மானம் போகும்லா? உக்காரத்தான செஞ்சு வச்சிருக்கு," என்றாள்.

அப்படியென்றால் நீங்கள் இருவருமே தினமும் உட்கார்ந்துவிடுங்களேன், தண்ணீருக்கு நாங்கள் வருகிறோம் என்று கூட்டத்தில் ஒரு குரல் ரொம்பப் பிரியமாகச் சொன்னது. பத்திரகனி கடப்பாரையைத் தரையில் ஊன்றினாள்.

"நாங்க ரெண்டு பேரும் காலம்பூரா உங்களுக்காகக் கக்கூஸ்ல உக்காந்திருக்க முடியாது. நீங்க 'இது'ம்பிய, 'அங்க'ம்பிய, சிங்கம்பிய. இனிமே எந்த வீட்டுல குடிக்காங்களோ அந்த வீட்டு ஆளு ஒருத்தரு வந்து அரை மணி நேரம் உக்காரணும். தினம் ஒரு வீடா முறை வச்சு, காலைல எட்டு மணிக்கு, எல்லாரும் பாக்க. உக்காந்தா தண்ணி."

ஒரு நாள் முழுக்க ரோஷமாக இருந்தார்கள். பிறகு 'டாக்டர் உள்ளே இருக்கிறார்' கதவில் முறைப் பட்டியல் தொங்கியது. முதலில் சிலர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், அவருடைய தொப்பையைப் பார்த்து எல்லாரும் பேர் சொல்லி வணக்கம் வைத்தார்கள். சொர்ணக்கிளி மாமியாரை அனுப்பினாள், அந்த அம்மாள் அரை மணி கழித்தும் எழுந்திருக்க மறுத்தாள், இவ்வளவு மரியாதையாகத் தன்னை யாரும் எங்கேயும் உட்காரவைத்ததில்லை என்றாள். வங்கி மேனேஜர் லேப்டாப்போடு வந்தார். புதுசாகக் கல்யாணமான இருவர் ஆளுக்குக் கால் மணி என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் ஊர் அதை அதன் பேரைச் சொல்லியே கூப்பிட்டது. 'கக்கூஸுக்குப் போயிட்டு வாறேன், அடுப்பைப் பாத்துக்கோ' என்றால் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம்.

பட்டியலில் லாசர் சார் வீடான பதினேழாம் நம்பருக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாகவே இருந்தது. அவர் நடக்கும் பாதையை மாற்றிக்கொண்டார், சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு பைபாஸுக்குப் போய்வந்தார்.

பத்திரகனிக்குப் பொறுக்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி, ஒரு குடம் நிறையப் பிடித்து எஸ்தரின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தாள். "சாருக்குத் தெரிய வேண்டாம்கா. குடிங்க."

எஸ்தர் குடத்தைப் பார்த்தாள், அதில் கையைக்கூட நனைக்கவில்லை. "எடுத்துட்டுப் போயிரு கனி. அவுக உக்காந்து கொண்டு வரட்டும், குடிக்கேன்."

"செத்துப்போயிருவியக்கா."

"செத்தா அவுகளே குழி வெட்டி, அவுகளே குளிச்சிக்கிடட்டும்."

அன்று மத்தியானம் லாசர் சார் கேனிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தபோது எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவன் எஸ்தர் நான். எங்கிட்ட படிச்சவன்லாம் அந்த வழியாப் போறான்."

"அவன்லாம் உக்காந்துட்டான்."

"எனக்குன்னு ஒரு இது இருக்குல்ல?"

"இருக்கு. எனக்குக் கல்லு கிட்னியில இருக்கு, உங்களுக்குக் கழுத்துல இருக்கு. என் கல்லு தண்ணி குடிச்சாக் கரையும்னு டாக்டர் சொல்லுதாரு. உங்க கல்லுக்கு யாரும் மருந்து சொல்லல." மூச்சு வாங்கினாள். "இந்தக் கட்டில்லயே எனக்குச் சட்டியத் தூக்கி வச்சு, கழுவி, துடைச்சு, ஆறு மாசமாச் செய்யுதிய. அதுல உங்களுக்கு அருவருப்பே வரல. வெளிய நாலு பேரு பாத்தா மட்டும் எப்படி வருது?"

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாசர் சார் பணி நிறைவு விழாவில் போட்ட கறுப்புக் கோட்டும் டையுமாக, கையில் குடத்தோடு பத்திரகனி தோட்டத்துக்கு வந்தார். வரிசை தானாக விலகியது. அவர் கோட்டின் பின்பக்கத்தை ஒதுக்கி, மூடியின் மேல் உட்கார்ந்து, குரூப் போட்டோவுக்கு உட்காருவதைப் போல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, நேராகப் பார்த்தார். அந்த வழியாகப் போன அவருடைய பழைய மாணவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை நிறுத்தி, "குட்மார்னிங் சார்," என்றார்கள். முதல் ஐந்து பேருக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆறாவது ஆளுக்குச் சொன்னார். பன்னிரண்டாவது ஆளிடம், "சட்டை பட்டனைப் போடுடா," என்றார். அவனுக்கு ஐம்பது வயது, போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் செய்ய எதுவும் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. பந்தலின் நிழல் முகத்தில் ஆடியது. டேங்க் நிறைகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டது.

"சார், அரை மணி ஆயிட்டு," என்றாள் சொர்ணக்கிளி.

"இரும்மா. அஞ்சு நிமிஷம்."

பிறகு அவரே எழுந்து சங்கிலியை இழுத்தார், அவரே குனிந்து குடத்தைப் பிடித்தார். வாழ்க்கையில் குடம் தூக்கிப் பழகாதவர், இடுப்பிலா தோளிலா என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பாதித் தண்ணீர் கோட்டில் வழிந்தது. பத்திரகனியும் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு போனது.

எஸ்தர் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு மடக்குக் குடித்து, வாயில் வைத்துப் புரட்டி, மெதுவாக விழுங்கினாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் லாசர் சார்.

"சப்புன்னு இருக்கு," என்றாள் எஸ்தர். "இதுக்கா இத்தன பேரு போயி உக்காந்திய?"

அவர் டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பத்திரகனியைப் பார்த்தார், அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் மீதியையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள், புறங்கையால் உதட்டைத் துடைத்தாள், டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துங்க."